இரண்டு கம்பங்கள்

தன் அண்ணன் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே இருந்தார். கொண்டியில் கையை வைப்பதும் எடுப்பதுமாக.

ஒன்பது வருடம் கழித்து வருகிறார். பாகம் பிரித்த அன்று ஆளுக்கொரு வார்த்தை தடித்துவிட்டது, அதோடு சரி. நடுவில் ஒரு முந்திரிக் கொல்லை. அந்தப் பக்கம் அண்ணன் நடராசன், இந்தப் பக்கம் தம்பி வேணுகோபால். உடையார்பாளையம் பஸ்ஸில் ஒருவர் இருந்தால் இன்னொருவர் அடுத்த பஸ்ஸில்தான் வருவார்.

இப்போது வந்தது இன்டர்நெட்டுக்காக.

எங்கள் மகள் லாவண்யாவுக்கு எம்.சி.ஏ. கடைசி வருடம். நெட் பார்க்க ஜெயங்கொண்டம் போய், இருட்டிய பிறகு திரும்புவாள். இவர் பஸ் ஸ்டாண்டிலேயே தவம் கிடப்பார். வீட்டுக்கே கனெக்‌ஷன் வாங்கிவிடலாம் என்றேன். 2007இல் அது டெலிபோன் கம்பியில்தான் வந்தது. இரண்டு கம்பம் நட வேண்டும், செலவு நம்முடையது என்றேன். சரி என்றார். அண்ணன் கொல்லையில்தான் நட வேண்டும் என்றதும் என்னோடும் மூன்று நாள் பேசவில்லை.

பிறகு மகளுக்காக இறங்கி வந்தார். வழியெல்லாம் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அண்ணன் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இந்த மனுஷன் சாகும்வரை அந்த வாசலை மிதிக்க மாட்டார்.

கேட்டைத் திறந்தது நான்தான்.

மூத்தார் நடராசன் முற்றத்தில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

இவர் மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. “அண்ணே” என்றார்.

மூத்தார் தம்பியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா, இப்புடி நரைச்சுப் போயிட்ட?”

ஐம்பது வயது ஆள் நின்ற இடத்திலேயே அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

கம்பம் விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூத்தார் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. “ரெண்டு என்ன, நாலு நட்டுக்கங்க” என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்துக் கொல்லைக்குள் கூட்டிப் போய்விட்டார்.

பூங்காவனம் அக்கா எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். மூத்தாரின் மனைவி; ஒன்பது வருடமும் என்னைக் கண்டால் கண்ணால் மட்டும் பேசியவள். பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“ஏண்டி, நேத்து லைன்மேன் கொல்லையப் பாக்க வந்தாரு. கெழக்குத் தெருவுலேருந்தே ஒங்க வூட்டுக்குக் கம்பி வந்துருமாமே? கம்பமே வேணாமாமே?”

காப்பி எனக்குப் புரையேறிவிட்டது.

உண்மைதான். லைன்மேன் என்னிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். பரவாயில்லை, கொல்லை வழியாகவே கொண்டுவாருங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, அப்படித்தான் வரும் என்று இவரிடம் கதை கட்டியது நான். தேவையில்லாத அந்த இரண்டு கம்பத்துக்காகத்தான் என் ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்திருந்தேன்.

“மாமாவுக்குத் தெரியுமாக்கா?”

“அவருகிட்டதான சொன்னாரு. தம்பிகிட்ட மூச்சு வுடாதீங்கன்னு இவருதான் லைன்மேனோட கையப் புடிச்சுக் கெஞ்சுனாரு. காலையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு.”

கொல்லைக்குள்ளிருந்து கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. அண்ணனும் தம்பியும் மாறி மாறிக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.