முதுகுப்பாடம்

“ரத்தம் இதயத்துக்குள்ள வந்து வெளிய போற வழியை வரிசையாச் சொல்லுங்க,” என்றார் தலைமை நர்ஸ்.

நத்தை தன் வெறுந்தோளைத் தடவிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி ஸ்டோரில் அவருக்கு அதுதான் பேர். முதுகில் பெட்டியோடு மெதுவாக, ஆனால் எங்கேயும் நிற்காமல் போவார் என்று கூட்டாளிகள் வைத்தது.

குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளை லாரியிலிருந்து இறக்குவது அவருடைய பத்தொன்பது வருஷத்து வேலை. இப்போது முதுகு போய்விட்டது. வார்டில் எடுத்த ரத்தக் குப்பிகளை லேபுக்குக் கொண்டுபோகிற வேலை ஒன்று காலியாக இருந்தது. சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிற கனம். குறுக்கே நின்றது இந்த வாய்மொழித் தேர்வு ஒன்றுதான்.

தவறினால் நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி லாரி.

வெளியே பெஞ்சில் மனைவி, மகளின் பள்ளிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வேலை மாற்றம் கேட்ட மனு மேசை மேசையாக ஊர்ந்த மூன்று மாதமும் அவள் வாசிக்க இவர் கேட்டார். காலையில் கேட்டது மத்தியானம் இருக்காது.

வழி சொன்னவன் கூட வேலை செய்கிற சுருட்டைதான். “மண்டையில ஏறலன்னா விடுண்ணே. முதுகுல ஏத்து.”

அப்படித்தான் ஏற்றினார்.

லாரி என்றால் உடம்பு. ஸ்டோரின் வலது கதவு வழியே நுழைந்தால் மேலறை. அங்கிருந்து இறங்கச் சரிவுப் பலகை. பின்னாலேயே அடுத்த ஆள் பெட்டியோடு வருவான், திரும்பவே முடியாது. அதுதான் வால்வு. கீழறையைத் தாண்டினால் பெரிய ஃபேன் ஓடுகிற கூடம், எல்லோரும் நின்று ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். நுரையீரல். அப்புறம் இடது பக்கம் இரண்டு அறை. கடைசியில் ஒரே எக்கில் பெட்டி லிஃப்டுக்குள் போய்விழும். லிஃப்ட் எல்லா வார்டுக்கும் போகும். பெருந்தமனி.

அடிக்கு ஒரு பேர். நாலு வாரத்தில் அவருக்குப் பின்னால் வருகிற எட்டுப் பேருக்கும் பாடமாகிவிட்டது. எவனாவது பலகையில் தயங்கினால், “வால்வை அடைக்காதடா, பின்னால ரத்தம் நிக்குது,” என்று சத்தம் வரும்.

ஆனால் இந்த அறையில் கை இரண்டும் சும்மா தொங்கின. முதுகு காலி. முதுகோடு பாடமும் காலி.

நர்ஸ் பேனாவால் மேசையைத் தட்டினார். பக்கத்தில் ஒல்லியாக ஒரு கிளார்க், மதிப்பெண் தாளில் சைபரின் பாதி வளைவைப் போட்டுவிட்டு, மீதியைப் போட மனசில்லாமல் இருந்தார். அவர் முன்னால் நத்தையின் ஃபைல், இன்னும் கட்டு பிரிக்காமல்.

அறையின் மூலையில் ஒரு தண்ணீர் கேன். இருபது லிட்டர், வாய் வரைக்கும். காலையில் யாரோ தரையில் வைத்துவிட்டுப் போனது. பக்கத்தில் ஸ்டாண்டு காலி. கிளார்க் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நத்தை கேனைப் பார்த்தார். அப்புறம் மேசையிலிருந்த தன் ஃபைலைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு தடவை நினைத்தார். ஆறு மணி லாரியை இரண்டு தடவை நினைத்தார்.

“மேடம், அதைக் கொஞ்சம் தூக்கிக்கட்டுமா?”

“எதுக்கு?”

“தூக்கினாத்தான் ஞாபகம் வரும்.”

நர்ஸ் கிளார்க்கைப் பார்த்தார்.

“தூக்கட்டுமே மேடம்,” என்றார் கிளார்க். அவருக்குத் தாகம்.

நத்தை குனிந்தார். எலும்பு ஒன்று சடக்கென்றது. கேன் தோளேறியது.

முதல் அடி வைத்தார். “உடம்பெல்லாம் சுத்திக் களைச்ச ரத்தம் பெருஞ்சிரை வழியா உள்ள வருது.”

மேசையைச் சுற்றினார். “வலது மேலறை. மூவிதழ் வால்வு, இறங்கினா இறங்கினதுதான், திரும்ப முடியாது. வலது கீழறை. நுரையீரல் தமனி.”

சன்னலோரம் நின்றார். “நுரையீரல். இங்க கொஞ்சம் காத்து வாங்கிக்கும்.”

அவர் ஒரு மூச்சு வாங்கினார். நர்ஸும் கூடவே வாங்கினார்.

“நுரையீரல் சிரை, இடது மேலறை, ஈரிதழ் வால்வு, இடது கீழறை. இங்கதான் நல்லா எக்கணும் மேடம், அதான் அந்தச் சுவரு மட்டும் தடிமன்.”

ஸ்டாண்டுக்கு முன்னால் வந்திருந்தார்.

“பெருந்தமனி.”

ஒரே எக்கு. கேன் ஸ்டாண்டின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தது. உள்ளே பெரிய குமிழ் ஒன்று களக்கென்று மேலே போனது.

கிளார்க் பாதியில் நின்ற சைபரை முடித்தார். அதற்கு முன்னால் ஒரு ஒன்று போட்டார்.

நர்ஸ் ஃபைலைப் பிரித்தார். முதல் தாள், அதே ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த சீட்டு. ‘முதுகெலும்பு தேய்மானம். ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்க இயலாதவர். இலகுவான பணிக்கு மாற்றலாம்.’

மனு முழுக்க அந்த ஒரு சீட்டின் மேல்தான் நின்றது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். ஸ்டாண்டில் இருந்த கேனைப் பார்த்தார். நத்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஒரு பக்கத் தோள் மட்டும் நனைந்திருந்தது.

நர்ஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கிளார்க்கிடம் திரும்பினார்.

“இந்தத் தண்ணி கேனை யாரு தூக்கி வெச்சது?”

கிளார்க் எழுந்து போய் ஒரு டம்ளர் பிடித்தார். ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நான்தான் மேடம்,” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.