கோணலாய்ச் சேர்ந்த எலும்பு

கல்லுடைப்பவள் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கிறாள். குறுக்கே கட்டிய பச்சைத் துணி அவள் காலை அவளிடமிருந்து மறைக்கிறது. குவாரியில் பாறை உருண்டு முறிந்த கால். கவனிக்க ஆளில்லாமல் தானாகவே கோணலாகச் சேர்ந்துகொண்டது. அது நேரானால்தான் இனி அவளால் நின்று வேலை செய்ய முடியும். அதனால் டாக்டர் அதை மறுபடி உடைத்துக்கொண்டிருக்கிறார். உளியின் தலையில் சுத்தியல் விழும்போதெல்லாம் மேஜை அதிர்கிறது, அவளுடைய பற்கள் இடித்துக்கொள்கின்றன, தட்டில் கத்தரிகள் கிலுகிலுக்கின்றன. எலும்புத் துணுக்கு ஒன்று தெறித்து விளக்கின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது.

"என்னத்தச் சாப்பிட்டு வளத்தீங்க இந்தக் கால? அசைஞ்சே குடுக்க மாட்டேங்குது," என்று டாக்டர் மூச்சு வாங்குகிறார்.

"ஓங்கிப் போடுங்க சார். சத்தம் இன்னும் மாறல," என்கிறாள் அவள்.

பிளப்பதற்கு முன் பாறையின் குரல் மாறும். ஒரு விரிசல் விழுந்துவிட்டால் மளமளவென்று மறுகோடிக்கு ஓடிவிடும். இந்த எலும்பிலோ விரிசல் விழுந்த இடத்திலேயே நின்றுபோகிறது. அடுத்த அடியையும் அது முழுசாக வாங்கிக்கொள்கிறது. டாக்டர் உளியைப் போட்டுவிட்டுக் காலை இரு கைகளாலும் பற்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கி வளைக்கிறார். பச்சைக் கிளை நார்நாராகக் கிழிவதுபோல் ஈரமான ஒரு சத்தம் நீள்கிறது. பிறகு, சடக்.

அவள் கண்ணோரத்தில் நீர் வழிவதைப் பார்த்து நர்ஸ் குனிகிறாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்லம்மா. பாவம் அந்த எலும்பு, கடைசி வரைக்கும் விடாம புடிச்சுக்கிட்டு இருந்துச்சு."