உள்தாழ்ப்பாள்

கிர்ர்க்… தட்.

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினாள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தம்பி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. வீட்டில் அவளும் அப்பாவும், தம்பி மனைவியும் அவள் கைக்குழந்தையும்தான்.

மறுபடியும் அதே சத்தம். நடையின் கோடியிலிருந்து. யாரோ இரும்பைக் கடித்துத் துப்புவது மாதிரி.

அப்பாவைக் கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். அவரோடுதான் பேச்சுவார்த்தை இல்லையே.

பள்ளிக்கூட மாடிப்படியில் உருண்டு முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து டீச்சருக்குச் சக்கர நாற்காலிதான் கால். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் வீட்டையே பிரித்துப் போட்டுவிட்டார். வாசல்படிக்குச் சரிவுப் பாதை, பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, நாற்காலி நுழைகிற அகலத்தில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு. இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை.

அதனால் அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. உள்ளே இருக்கும்வரை டீச்சர் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வேண்டும். நடையில் போகிறவர்கள் இரும வேண்டும். நடக்கப் பழகுவதற்கு முன்னால் என் பிள்ளை பெருக்கல் போட்டுவிடும் என்று தம்பி கேலி செய்வான். டீச்சரும் சேர்ந்து சிரித்தவள்தான், நெட் கனெக்‌ஷன் பார்க்க வந்த ஆள் வாய்ப்பாடு கேட்டு ஏதோ படிக்கிற அறை என்று நினைத்து, அவள் உள்ளே இருக்கும்போதே அந்தக் கதவைத் திறக்கும்வரை.

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாங்கன்னுதானேப்பா கேக்கறேன். சொத்துல பங்கா கேக்கறேன்?"

"உள்ளே விழுந்து வச்சா யார் கதவை உடைக்கிறது? அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது."

தம்பி எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான். மனுஷர் மசியவில்லை. தம்பி மனைவி மட்டும் வாயே திறக்காமல் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். இவளாவது நமக்காக வருத்தப்படுகிறாளே என்று டீச்சருக்கு மனசு இளகியது. அப்பாவிடம் பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். அவரும் வலிய வந்து சமாதானம் சொல்லவில்லை.

கிர்ர்க்… தட்.

இனிப் பொறுக்க முடியாது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடைக்கு வந்தாள். ரப்பர் சக்கரம் சத்தம் காட்டாமல் உருண்டது. திருப்பத்தில் எட்டிப் பார்த்தாள்.

திறந்த கதவுக்கு அந்தப் பக்கம், பாத்ரூம் தரையில் அப்பா மல்லாந்து கிடந்தார்.

அலறப் போனவளை அவர் குரலே நிறுத்தியது.

"இப்போ சரியா வந்துச்சு. இன்னொரு தரம் பார்த்துடலாம். நான் தாழ்ப்பாள் போட்டுட்டு விழுந்து கிடக்கேன். இந்தத் தடவை குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டே திற."

கதவுக்கு வெளியே தம்பி மனைவி. இடுப்பில் குழந்தை, கையில் அதற்கு ஊட்டுகிற ஸ்பூன். கதவின் உள்பக்கம், நாற்காலியில் இருந்தபடியே கை எட்டும் உயரத்தில், மத்தியானம் வரை இல்லாத, பளபளவென்று ஒரு புதுத் தாழ்ப்பாள். அப்பா எழுந்து கதவைச் சாத்தினார். தாழ் போடும் சத்தமும், அவர் மறுபடி தரையில் படுக்கும் சத்தமும் கேட்டன. தம்பி மனைவி வெளிப்பக்கம் இருந்த சின்னக் காடியில் ஸ்பூன் காம்பைச் செருகித் திருப்பினாள். கிர்ர்க். தாழ் விலகியது, தட். கதவு அவள் பக்கமாகத் திறந்துகொண்டது.

"ஒரே கையால வந்துடுச்சு மாமா."

"அவ்வளவுதான். லிஃப்ட்ல மாட்டினவங்களை வெளியிலிருந்து திறந்து எடுக்கிற அதே வித்தை. இந்த மாதிரித் தாழ்ப்பாள் தேடிப் பிடிக்கத்தான் நாளாயிடுச்சு. 'நீங்க வெளியே போயிருக்கிற நேரம் அண்ணி உள்ளே விழுந்துட்டா, கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நான் எப்படிக் கதவை உடைப்பேன்'னு அழுதியே, இனிமே அந்தப் பயம் வேண்டாம்."

"என்னாலதானே அண்ணி உங்ககிட்ட பேசறதில்லை. நானே அவங்ககிட்ட சொல்லிடறேன் மாமா."

"நீ சும்மா இரு. பெத்தவன்மேல கோபம் எத்தனை நாளைக்கு? நீங்க ரெண்டு பேரும் பொழுதன்னிக்கும் ஒண்ணா இருக்கிறவங்க. பழி என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்."

டீச்சர் அதற்குமேல் ஒளிந்து நிற்கவில்லை. சக்கரத்தை ஓர் உந்து உந்தி அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

தம்பி மனைவி அவசரமாக ஸ்பூனை முந்தானைக்குள் மறைத்தாள். அப்பா தரையில் கிடந்தபடியே, குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன் என்றார். குழாய் எதிர்ப் பக்கத்துச் சுவரில் இருந்தது.

"பார்த்தது போதும், எழுந்திருங்கப்பா. நான் உள்ளே போகணும்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு மகள் வாயிலிருந்து வந்த 'அப்பா'. அவர் கம்பியைப் பிடித்து எழுந்து, ஒதுங்கி வழிவிட்டார். டீச்சர் உள்ளே போய் நாற்காலியைத் திருப்பிக் கதவின் பிடியில் கை வைத்தாள்.

"பார்த்தும்மா," என்றார் அவர். "விழுந்து கிழுந்து வைக்கப் போறே."

டீச்சர் தம்பி மனைவியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"விழுந்தாத்தான் என்னப்பா? வெளியே இவ இருக்காளே."

கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். அடுத்த நொடி, வீடு முழுக்கக் கேட்கும்படி, உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.