தூக்கி வைத்த வைப்பர்

துடைப்பத்தால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த மினோரியின் கையில் என்னவோ தட்டியது. விலக்கிப் பார்த்தால், காரின் வைப்பர்கள் இரண்டும் முயல் காது மாதிரி விறைப்பாக நிமிர்ந்து நின்றன.

அவளால் நம்ப முடியவில்லை. காருக்குப் பின்பக்கம் மண்வாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கெய்சுகேவை எட்டிப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவன் மேல் வைத்திருந்த கோபம் அந்த இடத்திலேயே பாதி கரைந்துவிட்டது.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஷிசுவோக்காவிலிருந்து வாடகைக் காரில் கிளம்பியதிலிருந்து, அவள் சொன்ன எதையும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலையேறும் முன்னால் டயருக்குச் சங்கிலி மாட்டிவிடலாம் என்றாள். வண்டி வழுக்கிய பிறகுதான் மாட்டினான். பசிக்கிறது, இங்கேயே நிறுத்து என்றாள். அடுத்த ஊரில் நல்ல கடை இருக்கும் என்று ஓட்டினான். அடுத்த ஊரில் கடையே இல்லை. கடைசியில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய சோற்றுருண்டைதான் மதியச் சாப்பாடு.

நொசாவா மலையூரில் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வைப்பரைத் தூக்கி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் கண்ணாடியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்று விடுதிக்கார அம்மாள் வாசலிலேயே சொன்னார். மினோரியும் இரண்டு தரம் நினைவுபடுத்தினாள். ஆனால் வெந்நீர் ஊற்றில் ஊறிவிட்டு, யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியையும் மாட்டிக்கொண்ட கெய்சுகேவை அசைக்க யாரால் முடியும்? ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடப்போகிறது என்று காலை நீட்டிவிட்டான்.

சாப்பாட்டுக்கு நடுவில், காளான் கொதித்துக்கொண்டிருந்த சட்டிக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு மோதிரத்தைக் காட்டினான். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டான். மினோரிக்கு ஆசைதான். ஆனால் பயமாகவும் இருந்தது.

"நான் சொல்றதுல ஒண்ணையாவது நீ கேட்டிருக்கியா, கெய்? ஆயுசு முழுக்க நான் சுவத்தோட பேசிட்டிருக்கணுமா? காலையில பதில் சொல்றேன்."

விடிந்து பார்த்தால் மார்பளவு பனி. விடுதி வாசலில் நின்ற கார்கள் எல்லாம் ஆவியில் வெந்த பன் மாதிரி ஒரே அச்சாக உப்பிக் கிடந்தன. விளக்குக் கம்பத்துக்கு நேராக இருந்ததைக் கெய்சுகே கைகாட்ட, இருவரும் முகம் கொடுத்துப் பேசாமலே தோண்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் வைப்பர்கள் வெளியே தெரிந்தன.

"கெய், இதத் தூக்கி வச்சது நீயா?"

அவன் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தான். வைப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். வெட்கப்படுகிறான் என்று மினோரி நினைத்துக்கொண்டாள்.

"பின்ன? நீ தூங்கினப்புறம் எந்திரிச்சு வந்தேன். அத்தன தடவ சொன்னியே."

"இந்தக் குளிர்லயா?"

"யுகாத்தாவோட வந்தேன். காலெல்லாம் மரத்துப் போச்சு."

மினோரியின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை பிடிவாதக்காரன் அவள் ஒரு வார்த்தைக்காகப் பனியில் இறங்கியிருக்கிறான். அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. இவனைப் போய்ச் சுவர் என்று சொன்னோமே என்று தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"நேத்து கேட்டல்ல, அதுக்குப் பதில் சொல்றேன்," என்றாள். "எனக்குச் சம்மதம்."

இடது கையுறையைக் கழற்றிவிட்டு விரலை நீட்டினாள்.

கெய்சுகேவுக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டு மோதிரத்துக்காக அவசர அவசரமாகத் துழாவினான். மோதிரத்தோடு கிடந்த கார் சாவியின் பொத்தானும் அவன் விரலில் பட்டு அழுந்தியது.

பீப் என்று ஒரு சத்தம் கேட்டது. அவர்கள் தோண்டி எடுத்த கார் தேமே என்று நின்றது. அதற்கு அடுத்து, யாரும் கை வைக்காமல் கிடந்த பனிக்குவியலுக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் இரண்டு தரம் மினுக்கி அணைந்தது.

மினோரி கழற்றிய கையுறையை நிதானமாக மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"கெய், நேத்து ராத்திரி நீ யாரு வண்டி வைப்பரத் தூக்கி வச்ச?"