வண்டி நிழலில் ஞானஸ்நானம்

கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். அந்தப் பக்கம் அவள் குழந்தை.

பிறந்து மூன்று வாரம். நாத்தனார் கையில் இருந்தது.

நாத்தனார் தலையிலிருந்த குல்லாய் அவள் தைத்தது. அங்கே நின்ற நாற்பது பெண்களின் குல்லாய்களும் அவள் தைத்தவைதான். அந்தக் காலத்துப் பெண்கள் அணிந்த மாதிரியே, முகத்தைச் சுற்றி அகன்ற விளிம்பு. சும்மா சொல்லக்கூடாது, கச்சிதமான தையல்.

நிறைமாத வயிற்றோடு தைத்துக் கொடுத்தபோது யாரும் அவளைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லவில்லை. நூல் போதுமா என்றுதான் கேட்டார்கள்.

நூறு வருஷத்துக்கு முன் ஆங்கிலேயனின் ஆட்சி வேண்டாம் என்று முன்னோர் மாட்டுவண்டி கட்டிப் புறப்பட்டார்கள். அதன் நினைவாக வண்டிகள் இன்று ஜோஹன்னஸ்பர்க் வந்திருந்தன. டச்சு வம்சாவளி வெள்ளையர்களான ஆப்பிரிக்கானர்கள் குடும்பம் குடும்பமாகத் திரண்டிருந்தார்கள். வண்டி நிழலில் ஞானஸ்நானம் பெறுகிற குழந்தை இனத்தின் குழந்தையாம்.

அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. கொள்ளை ஆசை.

காலையில் சபை மூப்பர் வென்டர் ஒரு தாளை நீட்டினார். தையல் தொழிலாளர் சங்கத்திலிருந்து விலகுகிறேன், அது கம்யூனிஸ்டுகளின் கூடாரம் என்று இப்போது தெரிந்துகொண்டேன் என்று எழுதியிருந்தது.

அவள் கையெழுத்துப் போடவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு பதினோரு நாள் சூப் கொண்டுவந்து ஊட்டியவர்கள் சங்கத்துப் பெண்கள். சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களைக் காட்டிக்கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

"அப்போ நீங்க கயித்துக்கு வெளியிலயே நில்லுங்க, சகோதரி," என்றார் மூப்பர்.

கணவன் கூபஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குழந்தையை வாங்கித் தன் தங்கையிடம் கொடுத்தான்.

தொலையட்டும் என்றுதான் நினைத்தாள். பெயராவது அவளுடையது. மூத்த பெண்ணுக்குத் தாயைப் பெற்றவளின் பெயர்தான் வைப்பார்கள், அவர்கள் வழக்கம் அது. யாக்கமீனா.

அவள் அம்மா யாக்கமீனா, பின்னால் வந்த போரில் ஆங்கிலேயர் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்த முகாமில் பட்டினி கிடந்து செத்தவள். மேடையில் இன்று யாருக்காக அழுகிறார்களோ, அவர்களில் ஒருத்தி. கைக்குழந்தையாக அங்கிருந்து மீண்டவள் இவள். இப்போது வயது முப்பத்தெட்டு. இனி ஒரு பெண் பிறக்கப்போவதில்லை.

போதகர் பேச ஆரம்பித்தார். குல்லாய்கள் நெருங்கி நின்றன. அகன்ற விளிம்புகளைத் தாண்டி அவளால் எதையும் பார்க்க முடியவில்லை.

திடீரென்று குழந்தை வீறிட்டது.

பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. கயிற்றைத் தூக்கினாள். விழாவுக்காகத் தாடி வளர்த்த இரண்டு வாலிபர்கள் மறித்தார்கள்.

"பசிக்குது அதுக்கு. விடுங்கப்பா."

விடவில்லை. அழுகை நிற்கவும் இல்லை.

மூப்பர் நிதானமாக நடந்து வந்தார். அதே தாள். இந்த முறை பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

"போட்டுடுங்க சகோதரி. பிள்ளை அழுவுதில்ல?"

போட்டாள்.

மை காயும்வரை அவர் ஊதினார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கயிற்றை உயர்த்தினார்.

குல்லாய்களை இடித்துக்கொண்டு ஓடினாள். குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கி மார்போடு அணைத்தாள். அது வாய் வைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நெற்றி ஈரமாக இருந்தது.

"பசி இல்ல அண்ணி," என்றாள் நாத்தனார். "ஞானஸ்நானத் தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. அதான் அழுதா. அப்பவே முடிஞ்சிடுச்சே."

அவள் கூபஸைப் பார்த்தாள்.

"எங்க அம்மா பேரை வச்சிட்டோம்," என்றான் அவன், பூட்ஸிடம். "ஆலெட்டா. உங்க வீட்டுப் பேரு வேணாம்னு போதகர் சொல்லிட்டாரு."

ஒலிபெருக்கி கரகரத்தது. மூப்பர் அந்தத் தாளை வாசிக்கத் தொடங்கியிருந்தார். அவள் பெயர் வந்ததும் நாற்பது குல்லாய்களும் அவள் பக்கம் திரும்பின.

கைதட்டினார்கள்.

குழந்தை திடுக்கிட்டு மறுபடி அழுதது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். ஏதாவது பெயர் சொல்லித்தானே சமாதானம் செய்ய வேண்டும். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆலெட்டா," என்றாள்.