துக்க வீட்டுக் குளிர்

வேலூர் வெயிலில் ஏசியை ஒரு டிகிரி குறைத்துக்கொள்ள அனுமதி கேட்டுத் தணிகாசலம் அரசாங்கத்துக்குப் பதினொரு மனு போட்டார். அரசாங்கம் பொருத்திய வீட்டு மீட்டர் ஏசியை இருபத்தொன்பதுக்குக் கீழே விடவே இல்லை. பன்னிரண்டாவது மனுவை எழுதும்போது வெக்கை தாங்காமல் சரிந்து விழுந்து செத்துப்போனார். இறப்பைப் பதிவு செய்த அரை மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. பிணம் வீட்டில் இருக்கும்வரை மின்சாரத்துக்குக் கட்டுப்பாடு கிடையாதாம்.

ஃப்ரீசர் பெட்டி வந்தது. ஏசி பதினெட்டுக்கு இறங்கியது. தெருவே வந்து உட்கார்ந்துகொண்டது. காருக்கும் அரசாங்கக் கட்டுப்பாடு உண்டு, வாரத்தில் இரண்டு நாள்தான் கிளம்பும். துக்கம் என்று சொன்னால் எந்த நாளும் கிளம்பும். ஆம்பூரிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் சொந்தங்கள் குழந்தை குட்டிகளோடு வந்திறங்கின. அவர்மேல் இத்தனை பேருக்குப் பாசமா என்று மனைவி லோகநாயகி நெகிழ்ந்துபோனாள்.

மறுநாள் மதியம், எடுத்துவிடலாம் என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அவசரப்படாதம்மா. அமெரிக்காவுல இருக்கிற பையன் வந்து மொகத்தப் பாக்க வேணாமா?" என்றார் பக்கத்து வீட்டு ஜோதிலிங்கம், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே.

"எங்களுக்குப் புள்ளையே இல்லீங்களே!"

"அப்ப தம்பி, மச்சான் யாராச்சும்?" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

அமரர் ஊர்தியை அவளே வரவழைத்தாள். பெட்டி வாசலைத் தாண்டியதும் ஏசி நின்றது. அந்த வீட்டில் முதல்முறையாக அழுகைச் சத்தம் கேட்டது.

அப்போது எதிர்வீட்டுப் பரந்தாமன் லேசாக இருமினார். அவருக்கு எண்பது வயது. அழுதுகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் அவரை அன்போடு திரும்பிப் பார்த்தது.