பொலிகாளையின் நொதி

ஊர்ப் பசுக்களுக்கு எங்கள் வீட்டுக் காளைதான் பொலிகாளை. எங்கள் குடும்பத்தின் பேரே அதில்தான் இருந்தது. இந்த வருடம் வந்த பசுக்கள் சினைபிடிக்கவில்லை. இனி இது பொலிக்கு ஆகாது என்று தம்பி நாச்சிமுத்து காயடிப்பவரை வரச் சொல்லிவிட்டான். நான் காளையின் விந்தைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பல விலங்குகளின் விந்தில் உள்ள ஒரு நொதியின் அளவை அங்கே ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் குதிரை, பன்றி, கிடா எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் காளை இருந்தது.

“ஏனுங்க பெரியவரே, எங்க பன்னிதான் முன்னால நிக்குதாட்ட இருக்குது?” என்றார் பக்கத்தில் இருந்த பண்ணைக்காரர்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“உக்காருங்கய்யா,” என்றார் ஆய்வாளர் மங்கையர்க்கரசி. “இது வீரியக் கணக்கில்லை. விந்தணு உடைஞ்சாத்தான் இந்த நொதி வெளியே கசியும். காளையைக் காளையோடதான் ஒப்பிடணும். நாங்க பாத்த காளைகள்ல உங்களுதுக்குத்தான் கசிவு கம்மி. அணுவெல்லாம் முழுசா, நல்லா ஓடுது. கோளாறு பசுக்கள்ல இருக்கலாம், அதுகளை டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்க.”

மறுபடி உட்கார்ந்தேன். தம்பிக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, அவரு வந்துட்டாருங்க. இடுக்கியோட நிக்கறாரு.”

“இலை போட்டு, வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்பு. காளைய மட்டும் அவரு கண்ணுல காட்டாதே.”